மலைப்பனி முடிந்த பிறகு வறண்ட தோலைத் தேற்றுவது: நாலு வார வழிகாட்டி

ஏற்காட்டில் பனி முடிந்துவிட்டதா என்று பார்க்க எங்கள் வீட்டில் காலண்டரைப் புரட்டுவதில்லை. சமையலறை ஜன்னலோரம் இருக்கும் தேங்காயெண்ணெய் பாட்டிலைப் பார்த்தால் போதும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும். கார்த்திகையில் உறைகிற பாட்டில், மாசி பிறந்த பிறகுதான் காலை வெயிலுக்குத் தானாக இளகத் தொடங்கும். அந்த வாரம் ஒரு நாள் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே முன்னங்காலில் நகத்தால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சுண்ணாம்பால் எழுதியதுபோல வெள்ளைக்கோடு விழுந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் காலில் பெயரே எழுதியிருக்கிறோம்.

நான் பிறந்தது ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம், வாழ்க்கைப்பட்டது சேலம் அஸ்தம்பட்டி. மாதத்தில் பாதி நாள் மேலே, பாதி நாள் கீழே. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். சேலம் 280 மீட்டர்கூட வராது. 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்குவதற்குள் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அடிவாரம் வரும்போது முந்தானையால் விசிறிக்கொண்டிருப்போம். பனிக்கும் கோடைக்கும் நடுவில் மூச்சு விட நமக்குக் கிடைப்பது மாசி மாதம் ஒன்றுதான். பனியில் வெடித்த தோல் ஆறுவதற்குள் பங்குனி வெயில் வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் அவசரம். அந்த அவசரத்தில் பலரும் முதலில் செய்வது தேய்ப்பது. அங்கேதான் தப்பு நடக்கிறது.

மூடுபனிக்குள் நின்றும் தோல் ஏன் காய்கிறது?

இது எனக்கு ரொம்ப நாள் புரியாத விஷயம். சுற்றிலும் பனிமூட்டம், இலையெல்லாம் சொட்டுகிறது, கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. தோல் மட்டும் எப்படிக் காய்கிறது?

குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. 12 டிகிரிக் காற்று முழுக்க ஈரத்தால் நிறைந்திருந்தாலும், ஒரு கன மீட்டருக்கு 10, 11 கிராம் நீராவிதான் அதில் இருக்கும். அதே காற்று நம் தோலைத் தொட்டு 32 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் கொள்ளளவு சுமார் 34 கிராமாக உயர்ந்துவிடுகிறது. அதாவது, தோலை ஒட்டி நிற்கிற காற்று மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கிறது. மீதிக்கு அது நம் தோலிலிருந்து உறிஞ்சுகிறது. தை மாதம் மழை ஓய்ந்து காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

தோலின் மேற்பரப்பு, நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி. தட்டையான இறந்த செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அவற்றின் இடுக்குகளைச் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய தோலின் சொந்தக் கொழுப்புகள் அடைத்திருக்கும். குளிர் அந்தக் கொழுப்பைக் குறைத்து, சுடுதண்ணீரும் சோப்பும் மீதியைக் கரைத்துவிடும்போது ஓடு தூக்கிக்கொள்கிறது. நாம் பார்க்கிற வெள்ளைப் பொருக்கு அந்தத் தூக்கிய ஓடுதான். அதைப் பிய்த்துப் போட்டால் கூரை ஒழுகும்.

அடியிலிருந்து ஒரு புதுச் செல் கிளம்பி மேலே வந்து உதிர ஏறத்தாழ நாலு வாரம் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாக ஆகும். இந்த வழிகாட்டிக்கு நாலு வாரம் என்று கணக்கு வைத்தது அதனால்தான். மூன்றாம் நாளே பளபளப்பு தருவதாகச் சொல்கிற எதையும் நான் வாங்குவதில்லை.

முதல் படி: வறட்சிதானா என்று பாருங்கள்

பனிக்காலம் முடிந்து வருகிற எல்லா அரிப்பும் வறட்சி இல்லை. பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை உடம்பைப் பார்த்துவிடுங்கள். வறட்சி பெரும்பாலும் இரண்டு கால்களிலும் கைகளிலும் ஒரே மாதிரி இருக்கும். எண்ணெய் தடவினால் கொஞ்ச நேரம் அடங்கும். வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து தடித்துப் பரவுகிறதா? அது படர்தாமரையாக இருக்கலாம். ராத்திரியில் மட்டும் பிடுங்கியெடுக்கிற அரிப்பு, விரல் இடுக்கில் சின்னச் சின்னப் புள்ளிகள், வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை என்றால் சிரங்கு. ஒரே போர்வையைப் பகிர்ந்துகொள்கிற பனிக்காலத்தில் இது சுலபமாகப் பரவும். வெளிறிய தேமலில் தொட்டால் உணர்ச்சி தெரியவில்லை என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்; தொழுநோயின் தொடக்கம் அப்படி இருக்கும், மருந்து சாப்பிட்டால் முழுக்கக் குணமாகும்.

வயதானவர்களின் முன்னங்காலைத் தனியாகப் பாருங்கள். தண்ணீர் வற்றிய பனமரத்துப்பட்டி ஏரி மாதிரி பாளம் பாளமாக, இடையில் சிவப்புக் கோடுகளோடு வெடித்திருந்தால், அது வெறும் வறட்சியைத் தாண்டிக் கரப்பான் (எக்ஸிமா) நிலைக்குப் போய்விட்டது. அதற்கு மருந்துக் களிம்பு வேண்டும்.

இரண்டாம் படி: நிறுத்துங்கள்

முதல் வாரம் முழுக்க வேலை இதுதான். புதிதாக எதையும் வாங்காதீர்கள்.

தேய்க்கும் நார், கரகரப்பான ஸ்கிரப், முகத்தில் கடலை மாவு, எலுமிச்சம்பழச் சாறு, முகம் வெளுக்கும் அமில சீரம், வைட்டமின் ஏ வகைப் பூச்சான ரெட்டினால் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம், கூடக் கூடக் காரம் அதிகம்) சுமார் 2. நல்ல தோலின் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். இதோடு வெயிலில் போனால், சாறு பட்ட இடம் கருத்துக் கொப்பளிக்கவும் செய்யும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். கல்யாணமான புதிதில் எங்கள் தோட்டத்துக் கமலா ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து அரைத்து, தயிரில் குழைத்து முகத்தில் பூசித் தேய்த்தேன். ஏற்கெனவே பனியில் வெடித்திருந்த கன்னம். கழுவும்போதே தீப்பிடித்த மாதிரி எரிச்சல். ஒரு வாரம் கன்னம் இரண்டும் செம்பருத்தி நிறத்தில் இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, புண்ணு மேல போயி எவளாச்சும் சாம்பல வெச்சுத் தேய்ப்பாளா?" என்றார். அதைவிடச் சுருக்கமாக எந்தத் தோல் மருத்துவரும் எனக்குச் சொன்னதில்லை.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. கடையில் ஆள் சொல்லிக் கொடுக்கிற, லேபிள் ஒழுங்காக இல்லாத வெள்ளையாக்கும் கிரீம்கள். நம் வீட்டு மருந்து டப்பாவில் எதற்கோ வாங்கி மீந்திருக்கும் களிம்பும் அதே ரகம்தான். டியூபைத் திருப்பிப் பாருங்கள்: பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. தடவிய இரண்டாம் நாளே முகம் மினுங்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பரு கிளம்பி, விட்டால் எரியும். சீட்டில்லாமல் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அவர் சொன்ன நாளுக்கு மட்டும்.

மூன்றாம் படி: குளியலை மாற்றுங்கள்

மலையில் குளிப்பது என்றால் சுடுதண்ணிதான். விறகு பாய்லர் இருக்கிற வீடுகளில் தோல் சிவக்கச் சிவக்க ஊற்றிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாத்திரத்து எண்ணெய்ப் பிசுக்கு எந்தத் தண்ணீரில் சுலபமாகப் போகிறதோ, அதே தண்ணீரில்தான் தோலின் கொழுப்பும் போகிறது. கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புதான் தெரிய வேண்டும். பத்து நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

சோப்பின் பி.எச். பெரும்பாலும் 9, 10. அக்குள், இடுப்பு, பாதம் இவற்றுக்குப் போட்டால் போதும். கை, கால், முதுகுக்குத் தினமும் சோப்பு வேண்டியதில்லை, தண்ணீரே அழுக்கை எடுக்கும். மனசு கேட்கவில்லையென்றால் நுரை குறைவான, வாசனை இல்லாத பாடி வாஷ் வாங்கலாம்.

கீழே சேலத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை இருக்கிறது, போர் தண்ணீர். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாகத் தோலில் படியும். நுரை வரவில்லையே என்று நாம் இன்னும் நாலு தேய் தேய்ப்போம். அந்த வீடுகளில் மேட்டூர்க் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு குடம் பிடித்து வைத்துக்கொண்டு, குளித்து முடித்ததும் கடைசியாக அதை ஊற்றிக்கொள்வது நல்ல வழக்கம். எங்கள் மாமியார் தலைமுடிக்காகச் செய்வார். தோலுக்கும் அதுவே சரி.

எண்ணெய்க் குளியலை நிறுத்த வேண்டாம். அதற்குப் பின்னால் எண்ணெய் போகத் தேய்க்கும் இலைத்தூளான அரப்பைத்தான் கவனிக்க வேண்டும். நம் பக்கத்து அரப்புத்தூளும் சீயக்காயும் எண்ணெயை முழுக்க இழுத்துவிடும். தலைக்கு மட்டும் போடுங்கள். உடம்புக்குப் பாசிப்பயற்று மாவை மெல்லிய கூழாகக் கரைத்து வழித்துவிட்டால் போதும், கொஞ்சம் எண்ணெய் தோலில் தங்கட்டும். தரை வழுக்கும், பெரியவர்கள் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாம் படி: பூச்சு, இரண்டாம் வாரத்திலிருந்து கண்டிப்பாக

குளித்துவிட்டுத் துண்டால் ஒற்றியெடுங்கள். தோலில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நான்கு நிமிடங்களுக்குள், பூச்சு ஏற வேண்டும். காய்ந்த தோலில் அரை மணி கழித்துப் பூசினால் பாதிப் பலன்தான். மூடி போடுவதற்கு முன்னால் பாத்திரத்தில் ஏதாவது இருக்க வேண்டுமில்லையா?

எதைப் பூசுவது? மூன்று வகை வேலை இருக்கிறது. ஈரத்தை இழுத்து வைப்பது (கிளிசரின், யூரியா), இடுக்கை நிரப்புவது (செராமைடு, தாவர எண்ணெய்கள்), மேலே மூடிவைப்பது (பெட்ரோலியம் ஜெல்லி). நல்ல கிரீம் ஒன்றில் மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். விலை அதிகமான டப்பாவில்தான் இருக்கும் என்றில்லை. மருந்துக்கடையில் வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசரின் பெரிய பாட்டில் கேளுங்கள். லேபிளில் கிளிசரின் மேல்வரிசையில் வருகிறதா என்று பாருங்கள், போதும்.

வீட்டு எண்ணெய்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெய் உண்மையிலேயே நல்லது. அதில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம், கிருமிகளையும் ஓரளவு கட்டுப்படுத்தும். மலையில் உறைந்த எண்ணெயை விரலால் சுரண்டி உள்ளங்கையில் தேய்த்தாலே உருகிவிடும். அடுப்பில் காய்ச்ச வேண்டியதில்லை. ஆனால் பரு வருகிற முகத்துக்கு வேண்டாம், துளைகளை அடைக்கும். பொடுகு இருக்கிற தலையில் ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறவைப்பதும் வேண்டாம்; பொடுகுக்குக் காரணமான பூஞ்சை கொழுப்பைத் தின்று வளர்வது. சூரியகாந்தி எண்ணெய் சமையலுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். லினோலெயிக் அமிலம் அதிகம் என்பதால் தோலின் இடுக்கை நிரப்ப அது நன்றாகவே உதவும். ஆலிவ் எண்ணெய் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அதிலுள்ள ஒலெயிக் அமிலம் பலவீனமான தோலை இன்னும் தளர்த்திவிடும். கடுகெண்ணெய் எரியும். நல்லெண்ணெய் எங்கள் வீட்டில் சனி, வெள்ளிக் குளியலுக்குத்தான், அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை.

அளவு விஷயத்தில் எல்லோருமே கஞ்சம். ஆள்காட்டி விரலின் நுனிக்கணு நீளத்துக்கு டியூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்குத்தான் காணும். ஒரு காலுக்கே ஐந்தாறு தடவை பிதுக்க வேண்டியிருக்கும். முடி வளர்கிற திசையில், மேலிருந்து கீழாக வழித்துவிடுங்கள். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்களில் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பும்.

கிளிசரின் பாட்டில் வாங்குகிறவர்கள் அப்படியே பூசாதீர்கள், காந்தும். ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு பன்னீரோ தண்ணீரோ கலந்து, பூசிய பிறகு மேலே ஒரு சொட்டு எண்ணெய்.

குழந்தைகளுக்கு வாசனையில்லாத கிரீமோ தேங்காயெண்ணெயோ போதும். பயற்று மாவு போட்டு உருட்டித் தேய்ப்பதும் பவுடர் கொட்டுவதும் வேண்டாம்.

ஐந்தாம் படி: பாதம், கை, உதடு

மார்கழி, தையில் காப்பிப் பழம் பறிக்கப் போனவர்களின் குதிகாலைப் பார்த்தால் தெரியும். ஈர மண், வெறுங்கால், சரிவில் ஊன்றி ஊன்றி நடப்பது. பித்தவெடிப்பு என்று பெயர். பித்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தடித்துக் காய்ந்த தோலின் மேல் உடம்புப் பாரம் இறங்கும்போது அது பக்கவாட்டில் விரிந்து பிளக்கிறது, அவ்வளவுதான்.

ராத்திரி படுக்கப் போகுமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் பாதத்தை வையுங்கள். உப்பு வேண்டாம், எலுமிச்சை வேண்டவே வேண்டாம். துடைத்துவிட்டு, 20 சதவீத யூரியா இருக்கும் கிரீமைக் குதிகாலில் மட்டும் பூசுங்கள். அந்த அளவில் யூரியா தடித்த தோலை இளக்கி உதிரவைக்கும். திறந்த வெடிப்பில் பட்டால் எரியும், அங்கே வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. மேலே பருத்திக் காலுறை. வாரத்துக்கு ஒரு தடவை மட்டும், ஊறிய குதிகாலில் கல்லை வைத்து மெதுவாக உரசலாம். தினமும் உரசினால் தோல் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் தடிக்கும். பத்து நாளில் விளிம்பு மெத்தென்று ஆகும்; ஆழமான பிளவு மூட மூன்று வாரமாவது பிடிக்கும்.

சர்க்கரை இருக்கிறவர்கள் கல், பிளேடு, நகவெட்டி எதையும் குதிகாலில் வைக்கக் கூடாது. தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்தது தெரியாது.

கைக்கு எதிரி பாத்திரம் தேய்க்கும் சோப்பும் துணி சோப்பும். அப்போது போடும் ரப்பர் கையுறைக்கு உள்ளே மெல்லிய பருத்தி உறை ஒன்று போட்டுக்கொண்டால் வியர்த்து ஊறாது. உதட்டை நக்காதீர்கள், எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கொண்டுபோகும். வெண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. உரிகிற தோலைப் பல்லால் கடித்து இழுக்கிறவர்களுக்கு நான் என்ன சொன்னாலும் கேட்கப் போவதில்லை.

ஆறாம் படி: வெயிலுக்கு முன்னே குடை

குளுகுளுவென்று இருக்கிற இடத்தில் வெயில் சுடாது என்று சுற்றுலா வருகிறவர்கள் நினைக்கிறார்கள். 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பாறையில் மத்தியானம் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி மூக்கு உரிகிறவர்களை வருஷாவருஷம் பார்க்கிறேன். சேலத்திலோ ஏப்ரல் மூன்றாம் வாரம் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும், நம் நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும்.

மூன்றாம் வாரம், எரிச்சல் அடங்கிய பிறகு, சன்ஸ்கிரீன் தொடங்கலாம். எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 போதும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வேறு எதுவும் ஒத்துக்கொள்ளாத தோலுக்குத் துத்தநாக ஆக்சைடு இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் வெள்ளையாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளலாம். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை குடை. குடைக்கு எந்தப் பக்க விளைவும் இல்லை.

மலையிறங்கும்போது

மேலே ஒத்துக்கொண்ட கெட்டிப் பூச்சைக் கீழேயும் தொடர்ந்தால் வியர்வை வழி அடைத்து முதுகெல்லாம் வியர்க்குரு கிளம்பும். பகல் 35 டிகிரியைத் தாண்டியதும் உடம்புக்குத் தண்ணியான லோஷனுக்கு மாறுங்கள். எண்ணெய் குளியலுக்கு முன் மட்டும். பாதத்துக்கு மட்டும் யூரியாவை விடாதீர்கள், வெடிப்புக்குக் கோடையும் தெரியாது பனியும் தெரியாது.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். குளிரில் தாகம் குறைவதால் தண்ணீர் குறைத்திருப்போம், வழக்கமான அளவுக்குத் திரும்புங்கள். ஆனால் குடம் குடமாகக் குடித்தால் முன்னங்கால் மினுங்கும் என்பது நடக்காத காரியம். வறட்சி வெளியிலிருந்து வந்தது, வெளியில்தான் அடைக்க வேண்டும்.

கம்பளி, ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைக்குமுன் துவைத்து இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். அடுத்த கார்த்திகையில் எடுத்தவுடன் தும்மலும் அரிப்பும் வருவது பாதி இந்தச் சோம்பலால்தான்.

நாலு வாரம் ஒழுங்காகச் செய்தும் அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது, நீர் கசிகிறது, சீழ் வைக்கிறது, முழங்கை முழங்காலில் வெள்ளிச் செதில் மாதிரி தடித்திருக்கிறது என்றால் கிரீமை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. வறட்சியோடு உடம்பு பருமன், சோர்வு, முடி கொட்டல் சேர்ந்திருந்தால் தைராய்டையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது வீட்டில் பூசிய எல்லா டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், வெட்கப்படாமல் அந்த ஆரஞ்சுத் தோல் டப்பாவையும் சேர்த்து.

நாலாம் வாரக் கடைசியில் அதே முன்னங்காலில் மறுபடி நகக்கோடு போடுங்கள். கோடு விழாவிட்டால் பூச்சைக் குறைத்துக்கொள்ளலாம். மங்கலாக விழுந்தால் இன்னும் இரண்டு வாரம்.